ஸ்பிட்ஃபயர் பிரேக்கை ஹெரால்டுக்கு மாட்டலாமா?

(ஒலிபரப்பான அத்தியாயத்தின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சற்றுச் சுருக்கித் திருத்தியிருக்கிறோம். பேச்சுநடை பெரும்பாலும் அப்படியே உள்ளது.)

பழைய கார்களைப் பத்திப் பேசற நம்ம வரிசையில இன்னைக்கு முழுக்க முழுக்க பிரேக். அதுவும் ஒரே ஒரு கேள்வி. மயிலாப்பூர்லேர்ந்து ஒரு தம்பி குரல் பதிவு அனுப்பியிருந்தார். "அண்ணா, எங்க தாத்தாவோட ஸ்டேண்டர்ட் ஹெரால்ட் வீட்ல இருக்கு, ஓடற கண்டிஷன்தான். இங்கிலாந்துல இருக்கிற சித்தப்பா ஒரு ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயரோட முன் டிஸ்க் பிரேக் செட் மலிவா கிடைக்குதுங்கறார். வாங்கி ஹெரால்டுக்கு மாட்டலாமா? நெட்ல எல்லாரும் நேரா பொருந்தும்னு சொல்றாங்களே?"

நல்ல கேள்வி தம்பி. "பொருந்தும்" என்பது உண்மைதான். ஆனா போல்ட் போட்டு முறுக்கினா உட்காருது என்பதும், கார் ஒழுங்கா நிக்கும் என்பதும் வேற வேற. இந்த அத்தியாயம் முழுக்க அந்த வித்தியாசத்தைப் பத்தித்தான்.

ரெண்டும் எப்படிச் சொந்தம்?

முதல்ல குடும்ப உறவைச் சொல்லிடறேன். ட்ரையம்ப் ஹெரால்ட் 1959-ல இங்கிலாந்தில் வந்த கார். வடிவமைச்சவர் இத்தாலியைச் சேர்ந்த ஜோவன்னி மிக்கலோட்டி. அந்தக் காலத்துச் சின்ன கார்களில் பலதும் தனி சேசிஸ் இல்லாம வர ஆரம்பிச்ச நேரத்துல, இதுக்குத் தனி சேசிஸ் இருந்தது. அதனால அதே அடிப்படையில் வேற வேற உடம்பை உட்கார வைக்கறது சுலபம். 1962-ல அந்த சேசிஸைக் குட்டையாக்கி, மேல ரெண்டு பேர் உட்கார்ற திறந்த உடம்பைப் போட்டாங்க. அதுதான் ஸ்பிட்ஃபயர். 1980 வரைக்கும் பல மார்க்குகளா வந்த ஸ்போர்ட்ஸ் கார். ஆறு சிலிண்டர் போட்ட அண்ணன்களும் உண்டு: விட்டெஸ், 1966-ல வந்த ஜி.டி.6.

நம்ம ஊர்ல, ஸ்டேண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் வண்டலூர் பக்கத்துல ஆலை வெச்சு 1961-லேர்ந்து ஸ்டேண்டர்ட் ஹெரால்டைத் தயாரிச்சாங்க. 948 சி.சி. இன்ஜின். பிறகு மார்க் 2, மார்க் 3, நாலு கதவு வண்டி எல்லாம் வந்தது. 1972-ல கெஸல் வந்தது. சோழவரம் ஓடுபாதையில பந்தயத்துக்கும் ஹெரால்ட் ஓடியிருக்கு. ஆக, மெட்ராஸ்ல பிறந்த ஹெரால்டும் கோவென்ட்ரியில பிறந்த ஸ்பிட்ஃபயரும் பெரியப்பா பிள்ளை, சித்தப்பா பிள்ளை மாதிரி. முன் சஸ்பென்ஷன் ஒரே அமைப்பு. நெட்ல "பொருந்தும்"னு சொல்றதுக்குக் காரணம் இதுதான்.

இன்னொரு சொந்தமும் இருக்கு. ட்ரையம்ப் கார்களுக்கு பிரேக் செஞ்சது கேர்லிங் கம்பெனி. அதே கேர்லிங்கோடு டி.வி.எஸ். குழுமம் கூட்டு வெச்சு 1962-ல சென்னை பாடியில தொடங்கினதுதான் பிரேக்ஸ் இந்தியா. அதனால கேர்லிங் என்ற பேரு நம்ம ஊர் பழைய மெக்கானிக்குகளுக்குப் புதுசு இல்ல.

டிரம் பிரேக் அவ்வளவு மோசமா?

மாத்தறதுக்கு முன்னாடி ஏன் மாத்தறோம்னு கேட்டுக்கணும். ஹெரால்டுக்கு முன்னாடி 8 இஞ்ச் டிரம், பின்னாடி 7 இஞ்ச் டிரம். வண்டி எடை ஏறக்குறைய 800 கிலோ. ஒழுங்கா இருந்தா அந்த டிரம் அந்த வண்டியை நிறுத்தும். பிரச்சனை ரெண்டு இடத்துல. ஒண்ணு, தொடர்ந்து அழுத்தி அழுத்தி ஓட்டினா டிரம் சூடேறி விரியும், பிடி குறையும். ரெண்டு, ஐப்பசி கார்த்திகை மழையில முழங்கால் தண்ணியைத் தாண்டி வந்தா டிரம்முக்குள்ள தண்ணி போய், நாலஞ்சு தடவை மிதிச்சு காய வைக்கற வரைக்கும் பிரேக் இருக்காது. டிஸ்க்ல தண்ணி சுழற்சியில தெறிச்சுப் போயிடும். சூடும் காத்துல ஆறிடும்.

இதோட இன்னொரு விஷயம் சேர்ந்திருக்கு. 1965-ல லஸ் கார்னர்ல முன்னாடி போன வண்டியும் டிரம் பிரேக்தான். இன்னைக்கு முன்னாடி போற வண்டிக்கு ஏ.பி.எஸ். அது சட்டுனு நிக்கும், நம்ம தாத்தா வண்டி நிக்காது.

ஆனா தம்பி, ஹெரால்ட் சரியா நிக்கலைன்னா முதல்ல டிரம்மைக் கழட்டிப் பாருங்க. இந்த டிரம்முக்கு ஷூவைக் கையாலதான் அட்ஜஸ்ட் பண்ணணும், தானா ஆகாது. வருஷக்கணக்கா யாரும் அட்ஜஸ்ட் பண்ணாம விட்டிருப்பாங்க. வீல் சிலிண்டர் கசிஞ்சு லைனிங் எண்ணெயில ஊறியிருக்கும். டிரம் நீள்வட்டமாகியிருக்கும். இதைச் சரி பண்ணினாலே பாதி பேருக்கு டிஸ்க் தேவைப்படாது.

எதெல்லாம் சேர்ந்து வரணும்?

சரி, மாத்தறதுன்னே முடிவு பண்ணிட்டீங்க. இங்கிலாந்தில் இதுக்கு முன்மாதிரி இருக்கு. அங்க ஹெரால்டுக்கே முன் டிஸ்க் கொடுத்தாங்க. 12/50, 1967-ல வந்த 13/60 மாடல்களுக்கு டிஸ்க்தான் வழக்கம். அதனால இது யாரோ பட்டறையில கண்டுபிடிச்ச ஏற்பாடு இல்ல, கம்பெனியே செஞ்ச ஏற்பாடு.

ஆனா கம்பெனி டிஸ்க்கை மட்டும் மாத்தலை. டிரம் வண்டியில காலிப்பரைத் தாங்கற பிராக்கெட் கிடையாது, ஹப்பும் வேற. ஆகவே ஒரே வண்டியிலேர்ந்து வெர்டிகல் லிங்க், ஸ்டப் ஆக்ஸில், ஹப், டிஸ்க், காலிப்பர், பிராக்கெட், தூசித் தகடு, ஹோஸ் எல்லாம் முழு செட்டா வரணும். இடப்பக்கம் வலப்பக்கம்னு சீட்டு கட்டி வரணும். காலிப்பர் இடம் வலம் மாறினா ஏர் எடுக்கற நிப்பிள் கீழ்ப்பக்கம் வந்துடும். காத்து மேலதான் நிக்கும், நிப்பிள் கீழ இருந்தா எத்தனை பாட்டில் ஆயில் ஊத்தினாலும் ஏர் போகாது. பெடல் பஞ்சு மாதிரியே இருக்கும்.

அடுத்தது, எந்த வருஷத்து வண்டி? ஸ்பிட்ஃபயர்லயே கேர்லிங் 12-ஆம் வகை காலிப்பரும் உண்டு, 14-ஆம் வகையும் உண்டு. பேட் வாங்கும்போது வகை எண்ணைச் சொல்லித்தான் வாங்கணும். ஜி.டி.6-ல வந்தது இன்னும் பெரிய 16. "பெரிசாவே போட்டுடலாமே"ன்னு தோணும். ஸ்பிட்ஃபயர் டிஸ்க் 9 இஞ்ச், ஜி.டி.6 டிஸ்க் 9.7 இஞ்ச். அந்தப் பெரிய செட்டுக்கு ஸ்டப் ஆக்ஸில், பேரிங், ஹப் எல்லாமே பருமன். ஸ்பிட்ஃபயர் லிங்கில் ஜி.டி.6 ஹப் ஏறாது. ரெண்டிலிருந்தும் ஒவ்வொண்ணு எடுத்து லேத் பட்டறையில புஷ் கடைஞ்சு சேர்க்கிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம்.

பழைய செட் வந்ததும் வெர்டிகல் லிங்கோட அடி மரையைப் பாருங்க. அது ஒரு பித்தளை டிரனியனுக்குள்ள திருகி நிக்குது. அங்க கிரீஸ் இல்ல, கெட்டியான கியர் ஆயில்தான் போடணும். ஆயில் போடாம விட்ட லிங்க் அந்த மரையிலதான் துருப்பிடிச்சு முறியும். முறிஞ்சா முன் சக்கரம் மடங்கிடும். யாரோ முப்பது வருஷம் பராமரிக்காத லிங்க்கை விமானத்துல வரவழைச்சு மாட்டினா, பிரேக்கைச் சரி பண்ணி சக்கரத்தைக் கெடுத்த கதையாயிடும்.

மரை என்ற கண்ணி

இப்போ சொல்லப்போறதுதான் இந்த அத்தியாயத்திலேயே முக்கியம். வண்டி ஓட்டாதவங்களும் கேளுங்க.

பழைய ஆங்கிலேய கார்களில் பிரேக் குழாயோட நட் 3/8 இஞ்ச், ஒரு இஞ்சுக்கு 24 மரை. மில்லிமீட்டர்ல சொன்னா விட்டம் 9.525. ஃபியட், மாருதி மாதிரி வண்டிகளில் 10 மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு மரை. விட்டத்துல வித்தியாசம் அரை மில்லிமீட்டர்கூட இல்ல. இஞ்ச் நட்டோட மரை இடைவெளி 1.058 மில்லிமீட்டர், மற்றதில் 1. கண்ணால பார்த்தா ஒண்ணுபோல இருக்கும்.

இஞ்ச் நட்டை மில்லிமீட்டர் ஓட்டையில போட்டா என்ன ஆகும்? உள்ள போகும். கொஞ்சம் லொடலொடன்னு இருக்கும், கடைசியில இறுகவும் செய்யும். ஏர் எடுத்தா ஒழுகாது. தெருவைச் சுத்தி வந்தா பிரேக்கும் பிடிக்கும். ஆனா மரை மேல்நுனியில மட்டும்தான் பிடிச்சிருக்கு. ஒருநாள் குறுக்கே ஒரு குழந்தை ஓடி வர, பயந்து முழு பலத்தோட மிதிப்பீங்க. அப்பதான் குழாய்க்குள்ள அழுத்தம் உச்சத்துக்குப் போகும், அப்பதான் மரை உருவிக்கிட்டு வரும். சாதாரண நாளில் நல்லா இருந்து, வேணுங்கற நொடியில மட்டும் கைவிடும்.

இந்தக் கண்ணி எங்க இருக்குன்னா, கேர்லிங் 16-ஆம் வகை காலிப்பரே முதல்ல இஞ்ச் மரையிலயும் பிறகு மில்லிமீட்டர் மரையிலயும் வந்திருக்கு. வெளித்தோற்றம் ஒண்ணுதான், வருஷம்தான் வேற. புதுசா செஞ்சு விக்கிற மாற்று பாகங்களிலும் ரெண்டு விதமும் இருக்கலாம். அதனால ஜி.பி. ரோட்டுல ஹோஸ் வாங்கினாலும், புதுப்பேட்டையில குழாய் எடுத்தாலும், மரை அளக்கற கேஜ் வெச்சு அளந்த பிறகுதான் மாட்டணும். அது சின்ன சாமான், பெரிய விலை இல்ல. நட் கையாலேயே கடைசி வரைக்கும் சீரா, ஆட்டமில்லாம திரும்பணும். ஆடினாலும் சந்தேகம், பாதியில ஸ்பேனர் கேட்டாலும் சந்தேகம். குழாயோட நுனியை விரிச்சிருக்கற வடிவமும் அது உட்கார்ற இடத்தோட பொருந்தணும்.

கால் எவ்வளவு மிதிக்கணும்?

டிஸ்க் போட்டா பெடல் லேசாயிடும்னு பலர் நினைக்கறாங்க. இந்த வண்டியில அப்படி ஆகாது. டிரம் பிரேக்ல, சுழலற டிரம்மே ஷூவை இழுத்துத் தன்மேல் அழுத்திக்கும். நம்ம காலுக்கு அது ஒரு உதவி. டிஸ்க்ல அந்த உதவி கிடையாது; கால் கொடுக்கற பலம்தான். ஹெரால்டுக்கு வேக்குவம் பூஸ்டரும் இல்ல. அதனால மாஸ்டர் சிலிண்டர் விட்டம் ரொம்ப முக்கியம்.

ஒரு கணக்கு பார்க்கலாம். 5/8 இஞ்ச் மாஸ்டர் சிலிண்டருக்குப் பதிலா 3/4 இஞ்ச் போட்டா, பார்க்க எட்டுல ஒரு இஞ்ச்தான் கூடுது. ஆனா பரப்பு விட்டத்தோட வர்க்கத்துல போகும். 1.44 மடங்கு ஆகுது. அதே கால் பலத்துக்கு, முன்னாடி 100 பங்கு அழுத்தம் கிடைச்சா இப்போ 69 பங்குதான். பெடல் கல்லு மாதிரி இருக்கும். "ஆஹா, என்ன கெட்டியான பிரேக்"னு சந்தோஷப்படுவோம். வண்டி நிக்காது. விட்டம் ரொம்பச் சின்னதானா எதிர்ப்பக்கம்: பெடல் தரையைத் தொடும்.

எனவே, செட் எந்த வண்டியிலேர்ந்து வருதோ, அந்த வண்டிக்குரிய மாஸ்டர் சிலிண்டர் விட்டத்தைத் தெரிஞ்சுக்கணும். விட்டம் பெரும்பாலும் உடம்பிலேயே பொறிச்சிருக்கும். சில டிரம் பிரேக் மாஸ்டர் சிலிண்டர்களில் குழாயில கொஞ்சம் அழுத்தத்தைத் தேக்கி வைக்கற ஒரு வால்வு இருக்கும். டிரம்முக்கு அது நல்லது. டிஸ்க்குக்கு அது இருந்தா பேட் எப்பவும் உரசிக்கிட்டே இருக்கும். ஆயில் டப்பாவும் பெருசா வேணும்; பேட் தேயத் தேய பிஸ்டன் வெளிய வந்து ஆயில் அளவு இறங்கும். டிரம் வண்டியோட குட்டி டப்பா அதுக்குப் போதாது.

பின் சக்கரத்தை மறக்காதீங்க

முன் பிரேக்கை மாத்தறவங்க பின் பிரேக்கை அப்படியே விட்டுடுவாங்க. கம்பெனி அப்படி விடலை. முன்னுக்கும் பின்னுக்கும் பங்கு பிரிக்கறது பின் வீல் சிலிண்டரோட விட்டம். பின் சக்கரம் முதல்ல லாக் ஆனா வண்டி பின்பக்கம் சுழலும். ஹெரால்டுல பின்னாடி ஸ்விங் ஆக்ஸில் வேற. திருப்பத்துல கடுமையா பிரேக் பிடிச்சா பின்பக்கம் தூக்கி, சக்கரம் உள்பக்கமா மடங்கப் பார்க்கும். அந்த நேரத்துல பின் பிரேக் அதிகமா பிடிச்சா அபாயம் இரட்டிப்பு. எப்பவும் முன் சக்கரம்தான் முதல்ல லாக் ஆகணும்.

கெஸல் வெச்சிருக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. அதுல பின் ஆக்ஸிலே மாறிடுச்சு. ஸ்விங் ஆக்ஸில் போய் முழு ஆக்ஸில் வந்தது. அதனால ஹெரால்ட் பின் பிரேக் பாகத்தை கெஸலுக்கோ, கெஸலோடதை ஹெரால்டுக்கோ அளக்காம எடுக்காதீங்க.

மாட வீதியில திரும்பற கார்

ஹெரால்டோட பெருமையே அது திரும்பற விதம். 25 அடி வட்டத்துல திரும்பிடும், ஏறக்குறைய ஏழரை மீட்டர். மாட வீதியில எதிர்ல மாட்டு வண்டி வந்த காலத்திலும், இப்போ மெட்ரோ வேலைக்காகத் திருப்பிவிட்ட சந்துகளிலும் அது வரம். ஆனா அவ்வளவு திரும்பணும்னா முன் சக்கரம் ரொம்ப மடங்கும். அதுக்கேத்த நீளம் பிரேக் ஹோஸுக்கு வேணும். நேரா நிக்கும்போது கச்சிதமா தெரியற ஹோஸ், முழுசா ஒடிக்கும்போது இழுபடும், இல்லன்னா டயர்ல உரசும். அதனால ஜாக்கியில தூக்கி, சஸ்பென்ஷன் தொங்கும்போதும் அழுத்தும்போதும், ரெண்டு பக்கமும் கடைசி வரைக்கும் ஒடிச்சு ஹோஸைப் பாருங்க.

இது இவ்வளவு முக்கியமா இருக்கறதுக்குக் காரணம், இந்த வண்டிகளில் ஒரே பிரேக் சுற்றுதான். அமெரிக்காவில் 1968-லேர்ந்து கார்களுக்கு ரெண்டு தனித்தனி சுற்று கட்டாயமாச்சு. ஒண்ணு போனாலும் இன்னொண்ணு பிடிக்கும். நம்ம ஹெரால்டுல ஒரு ஹோஸ் போனா நாலு சக்கரத்துக்கும் பிரேக் இல்ல. ஹேண்ட் பிரேக் மட்டும் மிச்சம். அதனால ஹேண்ட் பிரேக்கையும் ஒழுங்கா வெச்சிருங்க.

பிரேக் ஆயிலையும் சொல்லிடறேன். டாட் 4 ஆயில் புதுசா இருக்கும்போது குறைஞ்சது 230 டிகிரி செல்சியஸ் தாங்கணும் என்பது தரம். ஈரம் உறிஞ்சின பிறகு 155 டிகிரி தாங்கினா போதும். நம்ம கடலோரக் காத்துல ஈரத்துக்குப் பஞ்சமில்ல. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்துங்க. திறந்து வெச்ச பழைய பாட்டிலைத் தொடாதீங்க. சிலிக்கான் வகையான டாட் 5-ஐ இதோட கலக்காதீங்க.

சட்டமும் அசல்தன்மையும்

மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் பதிவான விவரங்கள் கம்பெனி சொன்னதிலிருந்து மாறும்படி வண்டியை மாத்தக்கூடாதுன்னு சொல்லுது. பழைய வண்டிக்கு அஞ்சு வருஷத்துக்கு ஒரு முறை ஆர்.சி. புதுப்பிக்கப் போகணும், அங்க வண்டியைப் பார்ப்பாங்க. 2021-ல வந்த விண்டேஜ் விதிப்படி, 50 வருஷம் தாண்டி அசல் வடிவத்தில் இருக்கற வண்டிக்குத் தனி 'வி.ஏ.' பதிவு எண் கிடைக்கும். அந்தப் பதிவுக்குப் போற எண்ணம் இருந்தா, மாத்தறதுக்கு முன்னாடியே மந்தைவெளி ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல கேட்டுக்கோங்க, இன்சூரன்ஸ்காரங்களுக்கும் எழுத்துல சொல்லிடுங்க. கழட்டின டிரம், பேக் பிளேட், பழைய லிங்க் எதையும் காயலான் கடைக்குப் போடாதீங்க. எண்ணெய் தடவி, துணி சுத்தி, சீட்டு எழுதிப் பரண்ல வையுங்க. நாளைக்கு யாராவது அசலுக்குத் திரும்பணும்னா அது இருக்கணும்.

அப்போ, வாங்கலாமா?

தம்பிக்கு என் பதில் இதுதான். ஒரே வண்டியிலேர்ந்து எடுத்த முழு செட்டா, எந்த மார்க், எந்த வருஷம்னு தெரிஞ்சு வந்தா வாங்குங்க. "காலிப்பரும் டிஸ்க்கும் மட்டும் இருக்கு, மத்ததை மெட்ராஸ்ல பார்த்துக்கலாம்"னா வாங்காதீங்க. அந்தப் பணத்துல நாலு டிரம்மையும் கடைஞ்சு, லைனிங், வீல் சிலிண்டர், ஹோஸ் எல்லாம் புதுசு போட்டா தாத்தா வண்டி நல்லாவே நிக்கும்.

மாட்டின பிறகு வரிசையா செய்யுங்க. இன்ஜின் அணைச்சு பெடலை ஒரு நிமிஷம் முழு பலத்தோட அழுத்தி வையுங்க. மெதுவா இறங்கினா எங்கேயோ கசியுது. சக்கரத்தைக் கையால சுத்திப் பாருங்க, காலிப்பர் ரிம்ல தட்டக்கூடாது. முதல் ஓட்டம் ஆளில்லாத மைதானத்துல, 20 கிலோமீட்டர் வேகத்துல. பிறகு படிப்படியா கூட்டி, எந்தச் சக்கரம் முதல்ல லாக் ஆகுதுன்னு வெளியிலேர்ந்து ஒருத்தர் பார்க்கணும். கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தி, நாலு ஹப்பையும் கிட்ட போய்க் கை நீட்டிப் பாருங்க, தொட வேண்டாம். ஒண்ணு மட்டும் கொதிச்சா அது உரசிக்கிட்டிருக்கு. நூறு கிலோமீட்டர் கழிச்சு எல்லா நட்டையும் மறுபடி பாருங்க. அதுவரைக்கும் கச்சேரி ரோடு பக்கமே போகாதீங்க. அறுபத்து மூவர் கூட்டத்துல பிரேக் சோதிக்கறது நியாயமில்ல.

உங்க வண்டியில எந்த வருஷத்துப் பாகம் எதுல உட்கார்ந்தது, எது உட்காரலைன்னு எழுதி அனுப்புங்க. மரை அளவையும் மறக்காம குறிப்பிடுங்க. அடுத்தவருக்கு அது உதவும். அடுத்த அத்தியாயத்துல ஹெரால்டோட கூலிங் சிஸ்டம், சித்திரை வெயிலுக்கு முன்னாடி ரேடியேட்டரை என்ன செய்யணும்னு பார்க்கலாம்.